பத்தொன்பது பழைய பிராட்ஹெட்டுகள்: எடைச் சீரமைப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அம்புத்தலைகளுக்கு உரியவர் கல்லிடைக்குறிச்சிக்காரர். வயது நாற்பதுகளின் நடுவில். பல ஆண்டுகளாக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை. அங்கே உரிமம் பெற்று, இலையுதிர் காலத்தில் மரபு வில்லால் மான் வேட்டையாடுகிறார். சக்கரம் பூட்டிய காம்பவுண்ட் வில் அவருக்குப் பிடிக்காது. நாணை 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு விசை காட்டும், மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய ரீகர்வ் (நுனிகள் முன்புறம் வளைந்த) வில்லும், போர்ட் ஆர்ஃபோர்ட் சீடர் மரத்தில் செய்த அம்புகளும் அவருடையவை.

வேட்டையை நிறுத்திவிட்ட அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய பிராட்ஹெட்டுகளை அவருக்குக் கொடுத்திருந்தார். பிராட்ஹெட் என்பது வேட்டை அம்பின் தலை. அகன்ற எஃகுத் தகடு, அதன் நடுவில் மரத்தண்டு நுழையும் கூம்புக் குழல். தந்தையின் உடல்நலம் கருதிச் சில மாதங்கள் ஊரில் தங்க வந்தபோது, வில்லையும் அம்புகளையும் இந்தப் பெட்டியையும் விமானத்தின் சரக்குப் பெட்டியில் எடுத்து வந்துவிட்டார். செப்டம்பர் நடுவில் விஸ்கான்சினில் வில் வேட்டைப் பருவம் தொடங்கும். அதற்குள் எல்லாத் தலைகளையும் ஒரே எடைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவருடைய தந்தையும் நானும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஓய்வுக்குப் பிறகு திருநெல்வேலிப் பேட்டையில் சிறு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு வில் பிடிக்கத் தெரியாது, இரும்பைத் தெரியும். வில் பற்றி இங்கே வருபவை அவர் விளக்கியதும், அவர் சொன்னபடி கணக்குப் போட்டுப் பார்த்ததும்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே பேசி முடித்துக்கொண்டோம். இந்த அம்புகள் இங்கே எந்த உயிர் மீதும் போகக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை குற்றம். அதிலும் கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே எழும் மலை, 1988-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட களக்காடு–முண்டந்துறைக் காடு. இதை எழுதக் காரணம் இருக்கிறது. செய்தி பரவியதும் தோப்புக்காரர் ஒருவர் பட்டறைக்கே வந்து, "அண்ணாச்சி, வாழையை எல்லாம் பன்றி தோண்டிப் போட்டுவிடுகிறது. அந்தத் தம்பியை ஒருநாள் இரவு அனுப்பி வையுங்களேன்" என்று கேட்டார். அவருடைய நஷ்டம் உண்மையானது. ஆனாலும் முடியாது என்று சொல்லி, வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுக்கும் வழியைச் சொல்லி அனுப்பினேன்.

முதலில் கண்டது

பெட்டியில் 19 தலைகள் இருந்தன. அவற்றை மூன்று வகையாகப் பிரித்தோம்.

முதல் வகை, மின்னசோட்டாவின் ஸ்விக்கி நிறுவனத்துக் கறுப்பு நிற இரண்டலகுத் தலைகள் (அலகு என்றால் வெட்டும் தகடு), 7. இரண்டாவது, அமெரிக்க வில்லாளி ஃப்ரெட் பேரின் நிறுவனம் 1950-களில் கொண்டுவந்த ரேசர்ஹெட், 9. இதன் முதன்மை அலகில் ஒரு நீள் துளை உண்டு. சவரத் தகடு போல மெல்லிய இன்னொரு அலகை அதில் குறுக்காகச் செருகினால் நான்கலகுத் தலையாகிவிடும். ஒன்பதில் நான்கில்தான் செருகலகு இருந்தது. மற்ற ஐந்தில் தொலைந்துபோயிருந்தது. மூன்றாவது, யார் செய்தது என்று தெரியாத, துருவேறிய 3 தலைகள்.

வில்லாளிகள் அம்புத்தலையின் எடையைக் கிரெய்ன் கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு கிராமுக்கு 15.43 கிரெய்ன், ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 65 மில்லிகிராம். என் பட்டறைத் தராசில் அந்த நுண்மை கிடையாது. நெல்லையப்பர் கோயில் ரத வீதியை ஒட்டிய சந்தில் எனக்குத் தெரிந்த நகைப் பட்டறைக்காரரிடம் போனோம். அவருடைய மின்னணுத் தராசு மில்லிகிராம் வரை காட்டும். எங்களுக்கு வேண்டிய 125 கிரெய்ன் 8.1 கிராம் என்றதும் அவர் சிரித்துவிட்டார்: "ஒரு பவுனும் ஒரு குன்றிமணியும் என்று சொல்லுங்கள்." பவுனுக்கு 8 கிராம். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் மாற்றிச் சொல்லி விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் எடையில் மிக லேசானது 104 கிரெய்ன், மிகக் கனமானது 143. ஒரே பெட்டியில் 39 கிரெய்ன் வேறுபாடு. உரிமையாளர் முகம் வாடிவிட்டது.

எடையில் ஏன் இவ்வளவு அக்கறை

மரபு வில்லில், அம்பு வில்லின் நடுக்கோட்டில் நேராக இருப்பதில்லை. கைப்பிடியின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது. நாண் தள்ளும்போது தண்டு வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு போய், பிறகு நிமிர்கிறது. அந்த வளைவு சரியான அளவில் இருந்தால்தான் அம்பு நேராகப் போகும். தண்டின் விறைப்பை ஸ்பைன் என்கிறார்கள். மரத்தண்டுக்கு அதை அளக்கும் முறை எனக்குப் பிடித்திருந்தது. தண்டை 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட வேண்டும். எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதனால் 26-ஐ வகுக்க வேண்டும். 0.52 அங்குலம் தொய்ந்தால் அது 50 பவுண்டு ஸ்பைன்.

முன்னால் கனம் கூடினால், எய்யும் நேரத்தில் தண்டு கூடுதலாக வளைந்து, விறைப்புக் குறைந்த தண்டு போல நடந்துகொள்ளும். வலக்கை வில்லாளிக்கு அம்பு வலப்பக்கம் ஒதுங்கும். கனம் குறைந்தால் இடப்பக்கம். உரிமையாளரின் அம்புகள் 125 கிரெய்ன் பயிற்சி முனைக்கு (அலகில்லாத முனை) பொருந்தும்படி அமைக்கப்பட்டவை. பிராட்ஹெட்டும் அதே எடையில் இருந்தால், ஆண்டு முழுவதும் பயிற்சி முனையால் பழகியது வேட்டை அன்று கைகொடுக்கும்.

இதுவரை அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாத் தலைகளும் ஒரு கிரெய்னுக்குள் ஒத்திருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். லேத்தில் காலம் தள்ளியவனுக்கு, தேவையைவிட நெருக்கமான அளவுவரம்பு என்றாலே சந்தேகம் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

அம்பின் மொத்த எடை 490 கிரெய்ன் அளவில் இருந்தது. தலையில் 9 கிரெய்ன் கூடினால் வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடக் குறையாது. 20 கெஜத்தில், அதாவது 18 மீட்டரில், அம்பு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் தாழும். ஸ்பைனுக்கு வில்லாளிகள் வைத்திருக்கும் கைக்கணக்கு, தலையில் 25 கிரெய்ன் கூடினால் 5 பவுண்டு விறைப்பு கூடுதலாக வேண்டும் என்பது. அப்படியானால் 5 கிரெய்னுக்கு ஒரு பவுண்டு. அவருடைய தண்டுகளோ 50 முதல் 55 வரை என்று ஐந்து பவுண்டு இடைவெளியில் பிரித்து விற்கப்பட்டவை. தண்டுகளின் எடையிலேயே ஒன்றுக்கொன்று 20 கிரெய்ன் வரை வேறுபாடு இருந்தது. சமநிலைப் புள்ளியையும் பார்த்தோம். முனையில் 10 கிரெய்ன் கூடினால் 29 அங்குல அம்பில் அது கால் அங்குலம் அளவு முன்னே நகர்கிறது. நீளத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகு, 125-க்கு இருபுறமும் 5 கிரெய்ன் வரை ஏற்கலாம் என்று இசைந்தார். இதற்குப் பின் எடுத்த எல்லா முடிவுகளும் இந்த வரம்பைச் சார்ந்தவை. ஒரு கிரெய்ன் வரம்பிலேயே நின்றிருந்தால் அந்த நல்ல எஃகைத் தேய்த்துத் தேய்த்தே கெடுத்திருப்போம்.

சுத்தம் செய்தபோது

எடை சேர்ப்பதா குறைப்பதா என்ற பேச்சை எடுக்கும் முன் குழல்களைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றேன். பல குழல்களுக்குள் முறிந்த தண்டின் அடியும் பழைய பசையும் இருந்தன. இவற்றை எரித்து எடுப்பது விரைவான வழி என்று உரிமையாளர் கேள்விப்பட்டிருந்தார். நான் சம்மதிக்கவில்லை. எஃகு 220 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறம் காட்டும். 300-ஐ நெருங்கும்போது நீலம் பாயும். அலகில் நீலம் வந்துவிட்டால் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு என்ன தீட்டினாலும் கூர் நிற்காது. கொதிநீரில் போட்டால் 100 டிகிரிக்கு மேல் போக வழியில்லை. பெரும்பாலான பசை கொதிநீரிலேயே இளகிவிட்டது. இளகாதவற்றைக் கையால் திருகும் டிரில் கொண்டு மெதுவாகக் குடைந்து எடுத்தோம்.

143 கிரெய்ன் காட்டிய ஸ்விக்கித் தலையில் மரத்தை எடுத்த பிறகும் குழலின் கூர் முனையில் ஏதோ பளபளத்தது. ஊசியால் கீறினால் கோடு விழுந்தது. ஈயம். முன்பு வைத்திருந்த யாரோ அந்தத் தலையைக் கனமாக்க அங்கே ஈயத்தை அடைத்திருக்கிறார். அதை எடுத்ததும் எடை 128-க்கு இறங்கிவிட்டது. மொத்த வேறுபாட்டில் கணிசமான பங்கு இந்த ஒரே தலையால் வந்தது. ஈயத் துண்டைக் குப்பையில் போடாமல் பழைய பேட்டரி எடுப்பவரிடம் கொடுத்தோம்.

துருவுக்கு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பித் தூரிகையாலும் மெல்லிய எமரித் தாளாலும் தேய்த்தோம். அமிலம் எதுவும் வேண்டாம் என்று விட்டோம். துருவோடு சேர்ந்து நல்ல இரும்பையும் அது தின்னும். மூன்றாவது வகையில் ஒரு தலையின் குழலில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தது. அதை ஒதுக்கினோம். மற்ற இரண்டையும் எண்ணெய் பூசி, எதுவும் செய்யாமல் பெட்டியிலேயே வைக்கச் சொன்னேன். பழம்பொருள் சேர்ப்பவர்களுக்கு அவை இருக்கிறபடியே மதிப்புள்ளவை.

பிறகு தீட்டல். இந்தத் தலைகள் அரம் பிடிக்கும் அளவுக்கே கடினமானவை. பக்கத்துக்கு 25 டிகிரி வைத்து அரத்தாலும் பிறகு கல்லாலும் தீட்டியதில், தலைக்கு ஒன்று முதல் இரண்டு கிரெய்ன் குறைந்தது. அதனால்தான் தீட்டிய பிறகு நிறுக்க வேண்டும். முதலில் எடையைச் சரிசெய்துவிட்டுப் பிறகு தீட்டினால் அந்த வேலை வீண். அலகின் அகலத்தையும் வெர்னியரில் பார்த்துக்கொண்டோம். விஸ்கான்சினில் வேட்டை அம்புத்தலை குறைந்தது 7/8 அங்குலம், அதாவது 22.2 மில்லிமீட்டர், அகலம் இருக்க வேண்டும். எல்லாமே அதற்கு மேல்தான் இருந்தன.

மறுபடி நகைப் பட்டறைத் தராசு. ஸ்விக்கி ஏழும் 120 முதல் 131 வரை. செருகலகுள்ள ரேசர்ஹெட் நான்கும் 122 முதல் 127 வரை. செருகலகு இல்லாத ஐந்தும் 107 முதல் 111 வரை. சுத்தமும் தீட்டலும் மட்டுமே பாதிக்கு மேற்பட்ட தலைகளை வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டன.

கனமானவற்றை என்ன செய்வது

வரம்புக்கு மேல் இருந்த 131-உம், ஈயம் எடுத்தபின் 128 காட்டி வரம்பின் ஓரத்தை ஒட்டி நின்ற தலையும்தான் பேச்சுக்கு வந்தன. அலகில் துளையிடலாம் என்றார் உரிமையாளர். துளையுள்ள அலகு பறக்கும்போது சீட்டியடிக்கும் என்பதும் அவருக்கே தெரியும். என் ஆட்சேபம் வேறு: பதமேற்றிய மெல்லிய தகட்டில் போடும் ஒவ்வொரு துளையும் விரிசலுக்கு ஒரு தொடக்கம். அலகின் பின்மூலைகளைத் தேய்ப்பது அதைவிட மேல். அங்கே கூர் இல்லை. கொக்கி போன்ற முனையும் மழுங்கும். ஆனால் 6 கிரெய்ன், அதாவது 0.4 கிராம், எடுக்க வேண்டுமானால் கண்ணுக்குத் தெரியும் அளவு இரும்பு போய்விடும்.

இரண்டையும் தொடவில்லை. குவியலிலிருந்து லேசான, ஆனால் ஸ்பைன் ஓரிரண்டு பவுண்டு கூடுதலான தண்டுகளைத் தேடி எடுத்து இவற்றுக்கு ஒதுக்கினோம். வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. தண்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

லேசானவற்றில் எடை சேர்த்தது

கடினமான பகுதி இது. ஐந்து ரேசர்ஹெட்டுக்கும் 14 முதல் 18 கிரெய்ன் வரை சேர்க்க வேண்டியிருந்தது.

தொலைந்த செருகலகை வாங்கிப் போடுவதே நேர்வழி. ஒவ்வொன்றும் ஒரு கிராமை ஒட்டிய எடை. தலை தானாகவே 125-க்கு வந்துவிடும். ஆனால் பழைய செருகலகைத் தேடிப் பிடித்து இங்கே வரவழைக்க நேரம் போதாது. ரம்பத் தகட்டை அரைத்து நானே செய்து தரலாமா என்று பார்த்தேன். தகடு துளையின் அகலத்தைவிடத் தடிமன். மெலிய அரைத்தால் சூடேறிப் பதம் போகும். மெதுவாக அரைத்தால் நொறுங்கும் தன்மை மிஞ்சும். இறைச்சியில் எஃகுச் சில்லு சிக்கும் வாய்ப்புள்ள எதையும் செய்து கொடுக்க எனக்கு மனமில்லை.

அடுத்த வழி, முந்தைய உரிமையாளர் செய்ததுபோலக் குழல் முனையில் ஈயம் ஊற்றுவது. ஈயம் உருக 327 டிகிரி வேண்டும். அதாவது நீலம் பாயும் வெப்பத்துக்கும் மேல். நச்சுப் புகை வேறு. பற்றாசு, அதாவது சால்டர், 190 டிகிரியை ஒட்டி உருகிவிடும். அது பாதுகாப்பான வெப்பம்தான். ஆனால் ஈயமோ பற்றாசோ பித்தளையோ, குழலுக்குள் எதை வைத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குழலின் கூம்பு பக்கத்துக்கு 5 டிகிரி சரிவு. உட்புற ஆழம் 22 மில்லிமீட்டர் அளவு. 15 கிரெய்ன் பித்தளையை முனையில் அடைத்தால் 5, 6 மில்லிமீட்டர் போய்விடும். மரம் உட்காரும் இடத்தில் ஏறத்தாழக் கால் பங்கு பறிபோகும். தலை தண்டைப் பிடித்திருப்பதே அந்த உட்காரும் நீளத்தால்தான்.

எடையைக் குழலில் வைக்காமல் மரத்துக்குள் வைக்கலாம் என்பது அப்போது எடுத்த முடிவு. தண்டின் நுனியில் நெடுக்காகத் துளையிட்டு, 2 மில்லிமீட்டர் தடிமனும் 40 மில்லிமீட்டர் நீளமும் உள்ள தலை வெட்டிய ஆணியை அரால்டைட்டில் தோய்த்து இறக்கினோம். அந்த ஆணி ஒரு கிராம், ஏறத்தாழ 15 கிரெய்ன். தண்டைப் பிளந்த புஷ்ஷில் வைத்து லேத் சக்கில் பிடித்து, எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக்கிலிருந்து டிரில் பிட்டை மெதுவாகச் செலுத்தியதால் துளை நடுவிலேயே இறங்கியது. கைடிரில்லில் இதை முயல வேண்டாம். சீடர் மென்மையான மரம், பிட் இழைப்போக்கில் சாய்ந்துவிடும். பிறகு சூட்டில் இளகும் ஹாட்மெல்ட் பசையில் தலையை மாட்டினோம். நிறுத்துப் பார்த்தால், தலையும் ஆணியும் சேர்ந்த முன்பகுதிக் கணக்கு 122 முதல் 126 வரை. உரிமையாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

தோப்பில் சோதனை

ஆனி மாதக் கடைசி. குற்றாலத்துச் சாரலைக் கொண்டுவரும் மேல்காற்று கல்லிடைக்குறிச்சியிலும் பகலில் மரத்தை முறிக்கும் வேகத்தில் அடிக்கும். அகன்ற அலகுள்ள தலை காற்றில் இன்னோர் இறகு போல நடந்துகொள்ளும் என்பதால், காற்று எழும்பாத அதிகாலையில் மட்டுமே எய்ய முடிந்தது.

இலக்கு ஒரு பிரச்சினையாக இருந்தது. நெருக்கிக் கட்டிய வைக்கோலைப் பிராட்ஹெட் நாலைந்து எய்தலிலேயே அறுத்துப் போட்டுவிடும். மணல்மேடு அலகை மழுக்கும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருந்த அவர்கள் தோப்பில் தார் வெட்டிய வாழை மரங்கள் கிடந்தன. அவற்றைத் துண்டு போட்டு, நான்கைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி நிறுத்தினோம். அலகு சுத்தமாக இறங்குகிறது, இழுத்தால் எளிதாக வருகிறது. கெட்டுப்போனால் அடுத்த மரம் இருக்கிறது. பின்னால் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட மண்மேடு. இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, தோப்புக்குள் யாரும் இல்லை என்று குரல் கொடுத்த பிறகே ஒவ்வொரு சுற்றும் தொடங்கியது. ஒரு தொல்லை, வாழைக்கறை. இரும்பில் பட்டதும் கறுக்கும், விட்டுவைத்தால் துருவாகும். சுற்றுக்குச் சுற்று துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டியிருந்தது.

18 மீட்டரில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, ஆணி வைத்த அம்பு ஒன்று கட்டின் ஓரத்தில் சரிந்து பட்டு முறிந்தது. முறிந்த இடம் குழலுக்குப் பின்னால், ஆணி முடிந்த அதே இடம். விறைப்பான ஆணி முடிந்து வெறும் மரம் தொடங்கும் எல்லையில் வளைவு முழுவதும் குவிந்துவிடுகிறது. இது ஒரு தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மீதியையும் கழற்றினோம். 2.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை 20 மில்லிமீட்டருக்கு வெட்டி, குழலுக்குள்ளேயே முழுவதும் அடங்கும்படி மாற்றினோம். தண்டின் கூம்பு நுனி 5 மில்லிமீட்டர் விட்டம். துளை போகச் சுற்றுச்சுவர் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வெளியே எஃகுக் குழல் கவசமாக இருப்பதால் அது போதும். கம்பியின் எடை 13 கிரெய்னை ஒட்டி வந்தது. 107 கிரெய்ன் தலை 120-க்கும், 111 கிரெய்ன் தலை 124-க்கும் வந்து நின்றன. வரம்பு 5 கிரெய்ன் என்று முன்பே ஒப்புக்கொண்டது இங்கே உதவியது.

இரண்டாவது விஷயத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஸ்விக்கித் தலை பூட்டிய இரண்டு அம்புகள் ஒவ்வொரு சுற்றிலும் மற்ற அம்புகள் பட்ட கூட்டத்தைவிட்டு ஒரு சாண் விலகிப் போயின. ஒன்றின் தலை 124, மற்றது 126. எடையில் குறை சொல்ல முடியாதவை. எல்லோரும் சந்தேகப்பட்ட 131 கிரெய்ன் தலையோ கூட்டத்தின் நடுவில் சமர்த்தாக இறங்கியது.

உரிமையாளர் திரும்பவும் தராசுக்குப் போகலாம் என்றார். "மாப்பிள்ளை, தராசில் இனிமேல் ஒன்றும் கிடைக்காது. அம்பைச் சுழற்றிப் பார்ப்போம்" என்றேன். அலகின் நுனியைப் பலகையில் ஊன்றி, தண்டை விரல்களால் பம்பரம் போல் சுழற்றினால், நேராக மாட்டிய தலை அசையாமல் சுழலும். கோணலாக மாட்டியது குழல் அருகே நடுங்கும். இரண்டும் நடுங்கின. லேத்தில் பிடித்து, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்ததில், கூட்டத்தில் பட்ட அம்புகளைவிடப் பல மடங்கு ஆட்டம் தெரிந்தது.

ஒன்றில் பிழை மாட்டியதில் இருந்தது. பசை ஒரு பக்கம் தடித்து உறைந்திருந்தது. அலகை ஈரத் துணியால் சுற்றி, குழலை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டி, பசை இளகியதும் தண்டைச் சுழற்றிச் சுழற்றி உட்காரவைத்ததும் சரியாகிவிட்டது. அடுத்த காலை அது கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. மற்றதில் குழலே அலகோடு ஒரே கோட்டில் இல்லை. எப்போதோ கல்லிலோ எலும்பிலோ பட்டு வளைந்திருக்க வேண்டும். பற்றவைப்பைப் பிரிக்காமல் அதை நேராக்க முடியாது. ஒதுக்கினோம்.

எடைக்காகச் செலவான நேரத்தில் கால் பங்கைக் கூடத் தலை நேராக இருக்கிறதா என்று பார்க்கச் செலவிட்டிருக்கவில்லை. பூட்டிய ஒவ்வோர் அம்பையும் சுழற்றிப் பார்ப்பது அதன் பிறகுதான் வழக்கமாயிற்று. மேலும் மூன்றில் சிறு ஆட்டம் கண்டு திரும்ப மாட்டினோம். தோப்பில் விழுந்த கூட்டத்தை இறுக்கியது கடைசியில் இந்த வேலைதான். என் கண்ணுக்கு, 5 கிரெய்ன் வேறுபாடு எந்த அம்பிலும் தனியாகத் தெரியவில்லை.

விளைவு

ஆகஸ்டில் அவர் திரும்பிச் சென்றபோது 15 தலைகள் தண்டில் பூட்டப்பட்டிருந்தன. ஒதுக்கியவை இரண்டு, தொடாமல் வைத்தவை இரண்டு. போகும் முன் எல்லா அம்புகளிலும் இறகுக்கு அருகே எண் எழுதி, தலை எடை, தண்டு எடை, ஸ்பைன், உள்ளே கம்பி உண்டா இல்லையா என்று ஒரு நோட்டில் குறித்துக் கொடுத்தேன். கம்பியுள்ள தண்டில் 125 கிரெய்ன் பயிற்சி முனையை மாட்டினால் முன்பகுதி 138 ஆகிவிடும். அந்தத் தண்டுகளுக்கு 110-ஐ ஒட்டிய முனைதான் பொருந்தும் என்பதையும் அதில் சிவப்பு மையில் எழுதினேன்.

அக்டோபரில் தொலைபேசியில் பேசினார். அங்கே பயிற்சிக் களத்தில் தோப்பில் விழுந்தது போலவே விழுகின்றன என்றார். அந்தப் பருவத்தில் அவர் எய்தது ஒரே அம்பு. வெண்வால் மான், 15 கெஜத்துக்குள். செருகலகுள்ள ரேசர்ஹெட். மான் அதிகத் தூரம் ஓடவில்லை, தேடலும் நீளவில்லை. விலா எலும்பில் பட்டதில் செருகலகின் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. முதன்மை அலகுக்கும் குழலுக்கும் சேதமில்லை. கம்பி வைத்த ஐந்து அம்புகளும் களத்தில் மட்டுமே பட்டவை. அவற்றில் எதுவும் முறியவில்லை, எந்தத் தலையும் தளரவில்லை. வேட்டையில் அவை எப்படி நிற்கும் என்பதற்கு இந்த நிகழ்வில் விடையில்லை.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

வரிசையை மாற்ற வேண்டும். குழலைச் சுத்தம் செய்வது, தலை நேராக இருக்கிறதா என்று பார்ப்பது, தீட்டுவது, அதன் பிறகு நிறுப்பது. வளைந்த குழலுள்ள தலையை முதல் நாளே கண்டிருந்தால் அதைத் தீட்டவும் நிறுக்கவும் செலவான உழைப்பு மிச்சம்.

செருகலகு இல்லாத ரேசர்ஹெட்டுக்கு, விற்பவர்களிடம் கேட்டு அசல் செருகலகையே வாங்கச் சொல்வேன். அது கிடைக்காவிட்டால் மட்டும் பித்தளைக் கம்பி. அதுவும் குழலுக்குள் அடங்கும் நீளத்தில். மடங்கிய செருகலகைப் பற்றிக் கேட்ட பிறகு, பழைய செருகலகுகளைப் பூட்டும் முன் விளக்கொளியில் விரிசல் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

கார்பன் அல்லது அலுமினியத் தண்டு வைத்திருப்பவருக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். 5 டிகிரிக் கூம்புள்ள அடாப்டரில் தலையை ஒட்டித் தண்டில் திருகிக்கொள்ளலாம். அலுமினியத்தில் லேசாகவும் எஃகில் கனமாகவும் பல எடைகளில் அவை கிடைக்கின்றன. எடையை அங்கேயே தேர்ந்துகொள்ளலாம். உரிமையாளர் மரத்தண்டைவிட்டு இறங்க மாட்டார் என்பதால் இங்கே அதற்கு வேலை இல்லாமல் போனது.

தொடாமல் வைத்த இரண்டு தலைகளும் இன்னும் அந்தத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றையும் தீட்டிப் பூட்டலாமா என்று கேட்டு இந்தக் கோடையில் எழுதியிருந்தார். யார் செய்தது என்று முதலில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.